கூரை போட்டால் குடிசை, விட்டால் பரண்

என் அருமை மகனுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று ஒரு வரியில் எழுதி முடிக்கக்கூடிய கடிதம் அல்ல இது. பயத்தோடு எழுதும்போது எண் போட்டுக்கொண்டால் எனக்கு மனசு கொஞ்சம் நிலைக்கும். ஆகவே, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. நீ கேட்ட மரவீடு கட்டியாகிவிட்டது. எந்த மரம், எப்படிக் கட்டினேன் என்பது.
2. அதன் கூரையைப் பற்றி எழுந்த தகராறு.
3. உன் மாமா சிங்காரம் கேட்ட உதவியும், அதற்கு நான் சொன்ன பதிலும், அதிலிருந்து நீ தெரிந்துகொள்ள வேண்டியதும்.
4. மேற்சொன்ன காரணங்களால், உமாவையும் ரவியையும் இந்த அறுப்பு முடியும்வரை இங்கே அழைத்து வரக்கூடாது என்பது.
5. குவைத்தில் நீ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றிச் சில வார்த்தைகள்.

கார்த்திகையில் நீ எழுதிய கடிதத்தில் இரண்டு வேண்டுகோள்கள் இருந்தன. மாசியில் நீ பம்பாய் போய்க் கப்பலேறுவதற்கு முன், தை மாதக் கடைசியில் மருமகளையும் பிள்ளைகளையும் இங்கே கொண்டுவந்து விடுகிறேன், நீ திரும்பும்வரை எங்களோடு இருந்து படிக்கட்டும் என்பது ஒன்று. மெட்ராஸை விட்டு வரமாட்டேன் என்று உமா அழுததால், 'தாத்தா கொல்லையில் மரத்து மேலே வீடு கட்டித் தருவார்' என்று நீயாகவே வாக்குக் கொடுத்துவிட்டாய், ஆகையால் கட்ட வேண்டும் என்பது மற்றொன்று. மரத்து மேலே வீடு என்ற ஒன்றை நான் பார்த்தது கிடையாது. உமா வரைந்து உறைக்குள் வைத்திருந்த படம்தான் எனக்கு முதல் பாடம். அதில் ஜன்னல் இருந்தது, கதவு இருந்தது, கதவில் ஒரு பூட்டும் இருந்தது. பூட்டைப் பார்த்ததும் உன் அம்மா என் பக்கம் திரும்பினாள். "உங்க பேத்திதான், சந்தேகமே இல்ல. மரத்துல குடியிருந்தாலும் பூட்டிக்கிட்டுத்தான் படுக்கும்" என்றாள்.

முதலாவதுக்கு வருகிறேன். கொல்லையில் இருக்கும் மரங்களை ஒவ்வொன்றாக யோசித்தேன். தென்னையில் ஒன்றும் செய்ய முடியாது. முருங்கையை நம்பிப் பறவையே உட்காராது. நாவல் பார்க்கக் கனமாக இருக்கும், சொல்லாமல் முறியும். மிஞ்சியது கொல்லைக் கடைசியில், வாய்க்கால் கரையோரம் நிற்கும் மாமரம். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே அது மூன்றாகப் பிரிகிறது. நீ சின்ன வயதில் அதன் கீழே கல்லெறிந்துகொண்டு நிற்பாயே தவிர ஏறியதில்லை. நான் ஏற விட்டதில்லை. வாய்க்காலுக்கு அப்புறம் கீழத்தெரு, அதற்கும் அப்புறம் உன் மாமாவின் வயல். இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன என்பதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும். மரத்தின் பலத்தை மட்டும்தான் கவனித்தேன். கீழத்தெரு அஞ்சலையை உனக்குத் தெரியும், நம் வீட்டுக்கு வருஷாவருஷம் கீற்று முடைந்து கொடுப்பவள், இப்போது கூலிக்காரர்கள் சங்கத்தில் பேசுகிறவளும் அவள்தான். அவள் புருஷன் தங்கராசுவைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கிளையிலும் ஒரு நெல் மூட்டையைக் கட்டித் தொங்கவிடச் சொன்னேன். ஒரு வாரம் தொங்கியது. வழியில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "எலிக்குப் பயந்து நெல்ல மரத்துல கட்டி வெச்சிருக்காரு வாத்தியாரு" என்று ஊரில் பேச்சு. கிளை அசையவில்லை என்று நிச்சயமான பிறகு, மூங்கில் பரப்பி, ஆணி அடிக்காமல் தேங்காய்க் கயிற்றாலேயே தளம் கட்டச் சொன்னேன். ஆணி மரத்தைக் கெடுக்கும், கயிறானால் மரம் பருக்கும்போது தளர்த்திக் கட்டலாம். சுற்றிலும் ரவியின் மார்பு உயரத்துக்குத் தடுப்பு. ஏற ஒரு ஏணி. முசுறு எறும்புக்கு அடிமரத்தில் சாம்பல். தங்கராசு மேலே, நான் கீழே அண்ணாந்துகொண்டு. நான் ஒரு தடவைகூட ஏறவில்லை. ஏணியின் மூன்றாவது படியிலேயே எனக்குத் தலை சுற்றும் என்பது உனக்கும் தெரியும்.

இரண்டாவது. தளமும் தடுப்பும் முடிந்து, கூரை போடாமல் இருந்த நிலையில் ஒருநாள் காலை அஞ்சலை வாய்க்கால் அக்கரையில் வந்து நின்றாள். இடுப்பில் குடம்.

"என்னங்கய்யா, காவல் பரண் கட்டியாவுதா?"

"பரண் இல்ல அஞ்சலை. பேரப்பிள்ளைங்க விளையாடறதுக்கு."

"மெட்ராஸ் புள்ளைங்க மரமெல்லாம் ஏறுதுங்களா?"

"அதுக்குத்தான் ஏணி."

"ஏணி வெச்சா பெரிய ஆளும் ஏறலாங்கய்யா."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவளே விளக்கினாள். "நாங்க ஒண்ணும் சொல்லலைங்க. உங்கள எங்களுக்குத் தெரியும். ஆனா அதுமேல உக்காந்தா எங்க தெருவுல யாரு வீட்டு அடுப்புல என்ன கொதிக்குதுன்னு வரைக்கும் தெரியும். யாரு எப்ப வெளில போறா, எங்க கூடிப் பேசறா, எல்லாம் தெரியும். அறுப்பு வருது. கூலி இன்னும் பேசி முடியல. உங்க மச்சான் வெளியூர் ஆள் கொண்டாரப்போறாருன்னு சொல்றாங்க. இந்த நேரத்துல பாத்து மரத்துல பரண் ஏறுனா, சனம் என்னான்னு நெனைக்கும்?"

அவள் கேட்டது நியாயமா இல்லையா என்று நான் யோசித்துப் பார்த்தேன். சில வருஷங்களுக்கு முன் கிழக்கே, கடற்கரைத் தாலுகாவில், இதே கூலித் தகராறில், ஒரு குடிசைக்குள் போய் ஒளிந்துகொண்டவர்கள் தீயில் என்ன ஆனார்கள் என்பது உனக்குத் தெரியும். அன்று நீ மெட்ராஸிலிருந்து 'நம் ஊரில் எல்லோரும் சௌக்கியமா' என்று தந்தி அடித்தாய். அதற்குப் பிறகு நம் கீழத்தெருவில் யாரும் ஒரு விளக்கு வெளிச்சத்தைக்கூடச் சும்மா பார்ப்பதில்லை. தங்கராசு அடுத்த நாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. "தெருவுல கேக்குறாங்கய்யா" என்று மட்டும் சொல்லி அனுப்பினான்.

சரி, பரண் போலத் தெரிவதுதான் குறை என்றால், வீடு போலத் தெரியச் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். நானும் உன் அம்மாவுமாக, கீழத்தெருப் பக்கம் முழுவதும் கீற்றுத் தட்டி வைத்து மறைத்தோம். தட்டியைத் தரையில் வைத்துக் கட்டியது உன் அம்மா, கயிறு எடுத்துக் கொடுத்தது நான், மேலே ஏற்றி நிறுத்தியது தேங்காய் பறிக்க வந்த ஆள். மேலே கூரையும் போட்டாயிற்று. இனி அங்கே உட்கார்ந்தால் தெரு தெரியாது, நம் வீட்டுப் புகைபோக்கிதான் தெரியும். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் உன் மாமா வந்தான். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு, மரத்தைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தான்.

"கூரை எதுக்கு அத்தான்?"

"பிள்ளைங்களுக்கு வெயில் படாம இருக்கட்டும்னுதான்."

"கூரை போட்டா அதுக்குப் பேரு குடிசை. குடிசைல குடியிருக்கிறவனுக்கு அடிமனை சொந்தம்னு சட்டம் போட்டு எத்தனை நாளாவுது? பேப்பர் நான் படிக்கல, நீங்க படிக்கிறீங்க. வாய்க்காலத் தாண்டி ஒருத்தன் வந்து ஏறிப் படுத்துக்கிட்டு, நான் வாத்தியாரய்யாகிட்ட பண்ணை வேலை பாக்குறேன், இதான் என் குடியிருப்பும்பான். சாட்சிக்குத் தெருவே வரும். இந்த ஆட்சில யாரு பேச்சு எடுபடும்னு உங்களுக்கே தெரியும்."

"மரத்து மேலயா சிங்காரம்?"

"மரத்துக்குக் கீழ மண்ணுதானே அத்தான் இருக்கு?"

நான் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. அவன் போனதும் பழைய பத்திரிகைக் கட்டை இறக்கி, அந்தச் சட்டத்தைப் பற்றி வந்ததையெல்லாம் தேடிப் படித்தேன். மரம் என்ற சொல்லே அதில் இல்லை. இல்லாததால் பொருந்தாது என்று வேறொருவர் நினைத்திருப்பார். மரத்தில் என்றால் செல்லாது என்றும் அதில் இல்லையே என்று நான் நினைத்தேன். வலங்கைமானில் எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் போய்க் கேட்டேன். அவர் எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "கேள்வி நல்ல கேள்வி சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

கூரை போட்டால் நம்மவர்களுக்குக் குடிசை, விட்டால் கீழத்தெருவுக்குப் பரண். கடைசியில் ஆள் விட்டுப் பாதிக் கூரையைப் பிரித்தேன். தட்டியை மட்டும் விட்டுவைத்தேன். பாதிக்கு நிழல், பாதிக்கு வெயில். இரண்டு பக்கத்துக்கும் பாதிப் பாதியாவது சமாதானம் ஆகும் என்பது என் கணக்கு. உன் அம்மா இடுப்பில் கை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "முடி எறக்கப் போயி, பாதியில சவரக்காரன் சாப்பிடப் போயிட்ட மாதிரி இருக்கு" என்றாள்.

மூன்றாவதைச் சுருக்கமாக எழுதத்தான் நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. பொங்கல் முடிந்த மறுநாள் உன் மாமா மீண்டும் வந்தான். இந்தத் தடவை கூரையைப் பற்றிப் பேச்சே இல்லை. காப்பி குடித்துவிட்டு, குரலைத் தணித்து, "அத்தான், வெளியூர் ஆளுங்களுக்குச் சொல்லியாச்சு. வயல்ல கதிர் சாஞ்சு கெடக்கு, இனிமே பொறுக்க முடியாது. அறுப்பு முடியுற வரைக்கும் நம்ம ஆளு ரெண்டு பேரு உங்க மரத்துல உக்காந்து பாத்துக்கட்டும். அந்தத் தட்டியை மட்டும் எடுத்துட்டா வயலும் தெரியும், தெருவும் தெரியும்" என்றான். அவன் கெட்டவன் அல்ல. போன வருஷம் அவன் களத்தில் கட்டு கட்டாகக் கதிர் காணாமல் போனது உண்மை. அவன் தூங்கவில்லை என்பது கண்ணிலேயே தெரிந்தது. ஆனால் அவன் கேட்டது, அஞ்சலை எதைச் சந்தேகப்பட்டாளோ அதையேதான். இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "பார்க்கலாம்."

இந்த 'பார்க்கலாம்' பற்றி உன்னிடம் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் இது உன்னிடமும் இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் யாருடைய முகத்தையும் கோணச் செய்யாமல் இருக்க நான் கண்டுபிடித்த வார்த்தை இது. உனக்குப் பெண் பார்க்க மாயவரம் போனபோது, உன் மாமனார் "என்ன சொல்றீங்க சம்பந்தி?" என்று கேட்டார். நான் "பார்க்கலாம்" என்றேன். அவர் உடனே வெற்றிலைத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டார். ஏதோ அந்த ஒரு தடவை அது நன்மையில் முடிந்தது. மருமகளைப் போல ஒருத்தி யோசித்துத் தேடியிருந்தாலும் கிடைத்திருக்க மாட்டாள். ஆனால் நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம், பரீட்சை விடுமுறையில் சிநேகிதர்களோடு டில்லி போகலாமா என்று கேட்டாய். அதே 'பார்க்கலாம்'தான் உனக்கும் சொன்னேன். நீ பெட்டியைத் திரும்ப அட்டத்தில் ஏற்றி வைத்துவிட்டாய். அப்போது எனக்குத் தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது. ஒரே வார்த்தைதான். என்னைவிட வலுவானவன் காதில் அது சரி என்று விழுகிறது. என்னை நம்பி நிற்கிறவன் காதில் அது இல்லை என்று விழுகிறது. நான் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். அங்கே அந்நிய தேசத்தில் உனக்கு மேலே ஒருவன், உனக்குக் கீழே பத்துப் பேர் இருப்பார்கள். முடியாது என்றால் முடியாது என்று சொல். முகம் கோணினால் கோணட்டும். சொல்லத் தெரியாதவன் சொல்லிக்கொடுக்கிறேன் என்பது எனக்கே விளங்குகிறது.

நான்காவது. மேற்சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், பிள்ளைகள் இப்போது இங்கே வருவது சரியல்ல. கூலி பேசி முடியவில்லை. வெளியூர் ஆட்கள் வந்து இறங்கினால் வாய்க்கால் கரையில் என்ன நடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கல் வந்து விழுந்தால்கூட அது முதலில் விழும் இடம் அந்த மரம்தான். பிள்ளைகளிடம் 'ஏறாதே' என்று சொன்னால் கேட்பார்களா? வீடு கட்டி வைத்துவிட்டு ஏறாதே என்பது எந்த நியாயம்? ஆகவே மருமகளும் பிள்ளைகளும் மாயவரத்தில் அவள் பிறந்தகத்தில் இருக்கட்டும். மாசி பாதிக்குள் அறுப்பு முடிந்து, நெல் வீடு சேர்ந்து, ஊர் அடங்கிவிடும். அதன் பிறகு நானே போய் அழைத்து வருகிறேன். இதில் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக்கூடாது. அதற்குள் நீ கப்பலேறியிருப்பாய். உன் பிள்ளைகளை நீயே அந்த மரத்தில் ஏற்றி விடப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். அது நடக்காது. உன் அம்மாவுக்கு வேறொரு கவலை. "மாயவரத்துல பள்ளிக்கூடத்துல சேத்தாச்சுன்னா அப்புறம் எங்க வருங்க? சம்பந்தி வீட்டுல விடுவாங்களா? நாம ரெண்டு பேரும் மரத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்கிறாள். அவள் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் பிள்ளைகள் பத்திரமாக இருப்பதல்லவா முக்கியம்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இப்போது தொடர்வது இரண்டு நாள் கழித்து.

அன்று காலை, மேலே உள்ள வரியை எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லைப் படலைத் திறக்கும் சத்தம் கேட்டது. உன் மாமாவின் ஆட்கள் இரண்டு பேர். திருவிடைமருதூர்ப் பக்கத்துக்காரர்கள், இந்த ஊர் முகம் இல்லை. ஒருவன் கையில் தடி. மரியாதையாகத்தான் பேசினான். "மிராசுதாரய்யா சொல்லியிருக்காருங்க. உங்ககிட்ட பேசியாச்சுன்னாரு" என்றான். பேசியது உண்மைதானே. மரத்தடியில் ஏணி சாத்தியிருந்தது. அக்கரையில் கீழத்தெருப் பெண்கள் நாலைந்து பேர் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். அஞ்சலையும் இருந்தாள். அவள் என்னைத்தான் பார்த்தாள், அந்த ஆட்களை அல்ல.

அப்போது நான் செய்ததை வீரம் என்று நீ எண்ணிவிடாதே. எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வாய் வரவில்லை. வாயில் வந்தது, "கொஞ்சம் இருங்க. கயிறெல்லாம் கட்டி நாளாவுது. கட்டு உறுதியா இருக்கான்னு நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்பதுதான். சொல்லிவிட்டதால் ஏற வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொரு படியிலும் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். மேலே போய்த் தளத்தில் கவிழ்ந்து படுத்தேன். பிறகு உட்கார்ந்தேன். கீழே பார்க்காமல், முதல் கட்டை இழுத்துப் பார்த்தேன். உறுதியாக இருந்தது. இரண்டாவது கட்டைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவர்கள் ஏற முடியாது. ஆகவே பார்த்துக்கொண்டே இருந்தேன். எல்லாக் கட்டும் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். கீழே அவர்கள் குந்தி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். வெயில் ஏறியதும் பாதிக் கூரைக்குள் நகர்ந்துகொண்டேன். கடைசியில் ஒருவன் போய் உன் மாமாவை அழைத்து வந்தான்.

"அத்தான், மேல என்ன பண்றீங்க?"

"கட்டுப் பாக்கறேன்."

"காலைலேர்ந்தா?"

"நிறைய கட்டு இருக்கு சிங்காரம்."

அக்கரையில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. "எறங்குங்க அத்தான். வயசான காலத்துல விழுந்து வெச்சா யாரு பதில் சொல்றது?" என்றான். நான் ஒரு முடிச்சை இழுத்தேன். எனக்கு வேறொரு சங்கடம் வந்திருந்தது, மகனே. உன் வயதில் அது ஒரு பெரிய விஷயம் அல்ல, என் வயதில் அது காத்திருக்காது. காலையில் குடித்த இரண்டு டம்ளர் காப்பி. இறங்கினால் அவர்கள் ஏறிவிடுவார்கள். இறங்காமல் இருக்கவும் முடியாது. உன் அம்மா கிணற்றடியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து மரத்தடியில் நின்று, அண்ணாந்து, ஒரே பார்வையில் விஷயத்தைப் புரிந்துகொண்டாள்.

"எறங்கிப் போயிட்டு வாங்க. நான் உக்காந்திருக்கேன்" என்றாள்.

நான் இறங்கிக் கடைசிப் படியில் கால் வைத்ததும், அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் சொருகிக்கொண்டு ஏறினாள். தடுமாறவே இல்லை. ஏணி தேவையில்லாதவள் போல ஏறினாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாத விஷயம் அது. மேலே போய்த் தடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தாள்.

"அக்கா, எறங்கு. ஊரு பாக்குது."

"பாக்கட்டும்டா. பாக்கறதுக்குத்தானே இதுல ஆள் ஏத்துறே?"

"அக்கா, வெளையாடாத. கதிரெல்லாம் சாஞ்சு கெடக்கு."

"அதுக்குக் கூலியப் பேசி முடி. மரம் ஏறுனா கதிர் நிமிந்துக்குமா?"

இப்போது அக்கரையில் யாரும் சிரிப்பை அடக்கவில்லை. "அம்மா, பாத்து. நீங்க விழுந்தா நாங்கதான் தூக்கணும், அதுக்குக் கூலி தனி" என்று அஞ்சலை குரல் கொடுத்தாள். தடியோடு நின்றவன்கூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். உன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு, "அறுப்புல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா அது உங்க ரெண்டு பேராலதான்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஆட்களும் பின்னால் போனார்கள். இரண்டு நாளாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. நாளை தாசில்தார் முன்னிலையில் பேச்சு என்கிறார்கள். முடியுமா முடியாதா என்று எனக்குத் தெரியாது. உன் மாமா இனி நம் வீட்டு வாசலை மிதிப்பானா என்பதும் தெரியாது. உன் அம்மா சத்தமாகப் பேசியவள்தான், சாயங்காலம் அவனுக்குப் பிடிக்கும் என்று வைத்த வத்தக்குழம்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தாள்.

அவர்கள் போன பிறகு அஞ்சலை அக்கரையிலேயே நின்றாள். உன் அம்மா இன்னும் மேலே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இறங்க மனமில்லை, காற்று நன்றாக வருகிறது என்றாள். அஞ்சலை என்னைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு மாசமா பேரப்புள்ளைங்க, பேரப்புள்ளைங்கன்னு சொல்றீங்க. தாத்தா ஏறியாச்சு, ஆத்தா ஏறியாச்சு. புள்ளைங்களத்தான் காணும்."

"அறுப்பு முடிஞ்சதும் வருவாங்க அஞ்சலை."

"அறுப்பு முடிஞ்சப்புறம் வந்தா, முடியுற வரைக்கும் அது என்னாங்கய்யா?"

குடத்தை எடுத்துக்கொண்டு அவள் போகும்போது, மேலேயிருந்து உன் அம்மா, "உன் புள்ளைங்களும் ஏறட்டும்டி, பேத்தி வந்ததும் ஆளுக்குப் பாதி" என்றாள். 'பார்க்கலாம்' என்று நான் சொல்வதற்குள் அவள் சொல்லிவிட்டாள். ஆகவே உமாவிடம் இப்போதே சொல்லி வை, அந்த வீட்டில் அவளும் ரவியும் மட்டும் இருக்கப்போவதில்லை, பூட்டும் கிடையாது.

அஞ்சலை கேட்டது இரண்டு நாளாக என் காதில் இருக்கிறது. மரவீட்டைப் பரண் என்று ஒரு பக்கமும் குடிசை என்று மறு பக்கமும் சொன்னபோது, இவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று நான் குறைப்பட்டுக்கொண்டேன். அதில் பிள்ளைகள் இல்லை. காலியாக ஒன்றை மரத்தில் கட்டி வைத்தால், அவரவர் பயத்துக்கு ஏற்ற ஆளை அவரவர் அதில் உட்காரவைத்துப் பார்க்கத்தான் செய்வார்கள். உன் மாமாவுக்கும் அது காலியாகத் தெரிந்ததால்தானே ஆள் அனுப்பத் தோன்றியது? உமாவும் ரவியும் அங்கே உட்கார்ந்து மாங்காய்ப் பிஞ்சு தின்றுகொண்டிருந்தால், தடியோடு ஒருவன் ஏறுவானா? உன் மாமா அனுப்புவானா? பத்திரமான பிறகு வரட்டும் என்றேன். அவர்கள் வராமல் இருப்பதே அந்த இடத்தைப் பத்திரமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. இதை எழுதும்போதே வேறொரு சந்தேகமும் என்னைக் குடைகிறது. என் சொல் பொய்யில்லை என்று காட்டுவதற்கு உன் பிள்ளைகளைச் சாட்சிக்கு அழைக்கிறேனோ என்று. திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தேன். அதுவும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அது மட்டும் அல்ல. பயம் எனக்குப் போகவில்லை. கல் விழாது என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. முதல் சில நாள் அவர்கள் ஏறும்போதெல்லாம் நான் ஏணியடியில் நிற்பேன், நீயும் உடன் இருப்பாய் என்பதை மட்டும் சொல்ல முடியும். மருமகளிடமும் இந்தக் கடிதத்தை முழுவதும் படிக்கக் கொடு. அவள் வேண்டாம் என்றால் அவள் சொல்வதே முடிவு.

குவைத்தைப் பற்றிய ஐந்தாவதை எழுதத் தாளும் இல்லை, தெம்பும் இல்லை. மூன்றாவதில் சொன்னதே அதற்குப் போதும். நான்காவதை அடித்துத் திருத்திவிட்டு அனுப்பலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு நான் எப்படி யோசித்தேன் என்பது உனக்குத் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன். மாயவரம் வேண்டாம். தை கடைசிவரை காத்திருக்கவும் வேண்டாம். மருமகள் சம்மதித்தால் இந்த வாரமே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வா. நான்காவது தவறு.

இப்படிக்கு,
உன் அப்பா